ஓராள் குடும்பம்

பல் டாக்டர் வீட்டில் வேலை பார்த்த பெண்ணுக்குப் பூனை என்று பெயர் வைத்தது டாக்டரம்மாதான். அவள் நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பாள். "உனக்கு ஒரு மணியாவது கட்டி விடணும்" என்று வந்த புதிதில் திட்டு வாங்கினாள். அதன்பிறகு அந்தத் தெருவுக்கே அவள் பூனைதான்.

முதலில் அவள் வந்தது கிளினிக்கைக் கூட்டித் துடைக்க. பிறகு இடுக்கி, ஊசி, கண்ணாடி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுக்கக் கற்றுக்கொண்டாள். டாக்டரம்மாவின் முழங்கால் இரண்டும் ஓய்ந்து கிளினிக் மூடியதும் சமையல், குளிப்பாட்டல், மருந்து, துணி என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் வந்து விழுந்தது. விழுந்ததை அவள் தள்ளிவிடவில்லை. கல்யாணமான மறு வருஷம் வேலை தேடிப் போகிறேன் என்று போன கணவன், போனவன் போனவன்தான். அதன்பின் கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு இங்கே வந்தவள். சந்தோஷமோ துக்கமோ அவள் முகத்தில் ஏறாது. "இவளுக்கு உள்ள எதுவுமே ஓடாதா?" என்று அண்ணி கேட்பாள். பூனையும் சில சமயம் அதைத் தன்னிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். பதில் வந்ததில்லை.

டாக்டரம்மாவின் கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன், வேறு நகரத்தில் உத்தியோகம். மாடியில் மூன்று அறை பூட்டிக் கிடந்தது. டாக்டரம்மா பகல் முழுக்க இருப்பது முன்னறையில், நோயாளிகளை உட்கார வைக்கும் அந்தப் பழைய நாற்காலியில். பெடலை மிதித்தால் உயரும், கைப்பிடியைத் தள்ளினால் பின்னால் சாயும். மகன் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாங்கி அனுப்பியதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"கட்டில்ல படுத்தா நான் நோயாளி. இதுல படுத்தா ஏதோ எந்திரிச்சு அடுத்த ஆளக் கூப்பிடப் போறேன்னு ஒரு நெனப்பு இருக்கும்ல."

மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்காக டிராயிங் மாஸ்டர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோதும் அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக் கொடுப்பவர் மாஸ்டர். காலையில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் வீடு வீடாகக் கணக்கு. கான்வாஸ் ஷூவில் சுண்டு விரல் இருக்கும் இடம் கிழிந்திருந்தது. மரப்பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுல மொத்தம் எத்தனை பேருங்க?"

"நான் ஒருத்தி."

பூனை தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவங்க?"

"இது பூனை."

"நாய் பூனையெல்லாம் கணக்குல வராதுங்களே" என்றார் மாஸ்டர். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டரம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். பூனையும் உதட்டை இழுத்து வைத்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க இங்கயே தங்குறீங்களா?"

"அவ வேலைக்கு இருக்கிறவ, மாஸ்டர்" என்று டாக்டரம்மா பதில் சொன்னார். "அவளுக்குன்னு வீடு இருக்கு. அண்ணன் வீடு. அங்க எழுதிக்குவாங்க."

"வீடு யாரோடது, சொந்தமா பந்தமா, இதெல்லாம் வச்சு நாங்க குடும்பத்தப் பிரிக்கிறதில்லங்க. ஒரே அடுப்புல ஆக்கினதச் சாப்பிட்டு ஒரே கூரைக்குக் கீழ இருந்தா அது ஒரு குடும்பம். ஆறு மாசமா ஒருத்தர் எங்க தங்குறாங்களோ அதுதான் அவங்க இருக்கிற இடம். இது சொத்துக் கணக்கு இல்ல. தலைக் கணக்கு." அவர் பூனை பக்கம் திரும்பினார். "அண்ணன் வீட்டுல கடைசியா எப்பம்மா தங்குனீங்க?"

பூனை யோசித்தாள்.

"அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு."

"அந்தப் பொண்ணு இப்போ?"

"அவ பையன் பள்ளிக்கூடம் போறான் சார்."

மாஸ்டர் இரண்டு பேர் என்று எழுதினார். குடும்பத் தலைவர், டாக்டரம்மா. அடுத்த வரியில் பேனாவை வைத்துவிட்டு, "பேரு?" என்றார்.

பூனை தன் பெயரைச் சொன்னாள். அவள் வாய்க்கே அது புதிதாக இருந்தது.

"அட, அதுவா உன் பேரு?" என்றார் டாக்டரம்மா. "சுத்தமா மறந்து போச்சு."

"தலைவருக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்குங்க. வேலைக்காரர்னு போடவா?"

"வேற என்னென்ன இருக்கு அதுல?"

"மகள், மருமகள், தங்கை... வேற உறவு... உறவில்லாதவர்..."

டாக்டரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "உறவில்லாதவள்னா ஏதோ சண்டை போட்ட மாதிரி இருக்கு. வேலைன்னே போடுங்க."

வயது அவளுக்குத் தெரியவில்லை. பிறந்த வருஷம் எழுதிய காகிதம் எதுவும் அவளிடம் கிடையாது. "இங்க வா, வாயத் திற" என்றார் டாக்டரம்மா. பூனை குனிந்தாள். நாற்காலியின் விளக்கைத் திருப்பி, விரலால் அவள் கன்னத்தை ஒதுக்கிக் கடைவாய்ப் பற்களை நெடுநேரம் பார்த்தார். "அம்பதத் தாண்டல. தாண்டப் போகுது. நாப்பத்தொம்பதுன்னு போடுங்க. பல்லு பொய் சொல்லாது." மாஸ்டர் அதையே எழுதினார்.

அடுத்தது திருமண நிலை. மணமானவரா, கணவனை இழந்தவரா, பிரிந்தவரா, விவாகரத்து ஆனவரா?

"தெரியல சார்."

"அவரு இருக்காரா?"

"அதான் தெரியல."

"பிரிஞ்சவங்கன்னு போடுறேன்மா. இருந்தாலும் இல்லன்னாலும் அது பொருந்தும்."

கிளம்பும்போது மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். கணக்கெடுப்புக்கென்று ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். அந்த நாள் விடியும்போது யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்கள்தான் கணக்கு. அதற்குள் வீட்டில் குழந்தை பிறந்தால் சேர்ப்பார்கள், யாராவது போய்விட்டால் அடிப்பார்கள். அதைச் சரிபார்க்க மறுபடி ஒரு தடவை வருவார்.

"அப்ப நான் இன்னும் உறுதியாகலன்னு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் சொன்னபடியே ஆனது. குறித்த நாளுக்கு முந்தைய வாரம், மத்தியானம், பூனை பால் சுட வைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்பது போல முன்னறையில் ஒரு சத்தம். வந்து பார்த்தபோது டாக்டரம்மாவின் கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பூனை கையை எடுத்து மடியில் வைத்தாள். அது நழுவி மறுபடி தொங்கியது. அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து கைப்பிடியைத் தள்ளி நாற்காலியைச் சாய்த்தாள், கண்ணை மூடிவிட்டாள், புடவையைக் கால்வரை இழுத்து விட்டாள். எந்த வேலையும் விட்டுப் போகவில்லை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து போய்ப் பக்கத்து மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

மகன் வந்தான். நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து குழந்தை போல அழுதான். அவனுக்குப் பூனைதான் தண்ணீர் கொடுத்தாள். வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் செருப்பை ஒதுக்கி, பாய் விரித்து, டம்ளர் கழுவினாள். ஒருத்தி பூனையின் தோளைப் பிடித்து, "நீயும் அழுதுடும்மா, உள்ள வச்சுக்காத" என்றாள். உள்ளே இருந்தால் அல்லவா? பூனை தலையை ஆட்டி வைத்தாள்.

எல்லாம் முடிந்து மகன் கிளம்பினான். "அக்கா, வீட்ட விக்கிற வரைக்கும் நீங்களே பாத்துக்கங்க. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றான். சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தான். அவன் கார் தெரு முனை திரும்பியதும் அவள் உள்ளே வந்தாள்.

செய்வதற்கு ஒன்றுமில்லை. மருந்து கொடுக்கும் நேரத்துக்கு உடம்பு தானாக எழுந்து நின்றது. எழுந்து நின்ற பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலைத் துடைத்தாள். மறுநாளும் துடைத்தாள். பசிப்பதில்லை, ஆனால் அடுப்பு பற்ற வைத்தாள், எதையோ ஆக்கி நின்றுகொண்டே சாப்பிட்டாள். ராத்திரி படுத்தவுடன் தூங்கிவிட்டாள். அதுதான் அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

குறித்த நாளும் விடிந்தது, போனது. மறுபடி டிராயிங் மாஸ்டர் வந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. முன்னறையில் மருந்துக்கடைக்காரர், டாக்டரம்மாவுக்காக வாடகைக்குக் கொடுத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் வெறும் நாற்காலியைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து மெல்லத் தாள்களைப் பிரித்தார்.

"எப்பம்மா?"

பூனை சொன்னாள். குறித்த நாளுக்கு முன்னால்தான். மாஸ்டர் டாக்டரம்மாவின் பெயருக்கு மேல் ஒரே கோடாக அடித்தார். ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தது கோடு. அப்புறம் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இப்ப ஒண்ணு இருக்கும்மா. தலைவர் இல்லாம ஒரு குடும்பத்த விட முடியாது. நீங்கதான் மிச்சம்."

"நான் போயிடுவேன் சார். வீட்ட விக்கப் போறாங்க."

"அது அப்புறம். அன்னிக்கு விடியக்காலை இங்க யாரு இருந்தா?"

"நான்."

"யாரு அடுப்புப் பத்த வச்சா?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான் தலைவர்."

பூனைக்குப் புரியவில்லை. "ஒரு ஆளு எப்படி சார் குடும்பம் ஆகும்?"

"ஆகும். ஓராள் குடும்பம்னு அதுக்குப் பேரே இருக்கு. இந்தத் தெருவுலயே நாலஞ்சு இருக்கு."

"யாருக்குத் தலைவர்?"

"உங்களுக்கு நீங்களே."

அவளுக்கு உறவு எழுதியிருந்த கட்டத்திலும் ஒரு கோடு விழுந்தது. வேலைக்காரர் என்பதை அடித்துவிட்டுத் தலைவர் என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகத் தன் கையெழுத்தைப் போட்டார். பூனை அடியில் கையெழுத்துப் போட்டாள். பெருமையாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. மின்சாரக் கட்டணம் கட்டிய ரசீதை வாங்குவது போலத்தான் இருந்தது.

மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "பார்றா, பூனை தலைவியாயிட்டா!" என்று சிலிண்டரைத் தட்டினார். கெட்டவர் இல்லை அவர். ஓட்டை வாய், அவ்வளவுதான். அன்றைக்கே ஏதோ கணக்கு விஷயமாக மகனிடம் போனில் பேசியவர், சிரிப்புக்குத்தான் சொன்னார்: "தம்பி, உங்க வீட்டுக்கு இப்ப சர்க்கார் கணக்குப்படி தலைவி யாரு தெரியுமா?"

மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய ஆபீசில் ஒருவர், வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்ப வாங்க முடியாமல் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து செருப்பு தேய்ந்தது அவனுக்கு நினைவு வந்தது. மறுநாள் காலை வாசலில் வந்து நின்றான். மாஸ்டரையும் போன் போட்டு வரவழைத்திருந்தான்.

"சார், எங்கம்மா கட்டின வீடு இது. வேலைக்கு இருந்தவங்கள எப்படி நீங்க தலைவர்னு எழுதலாம்?"

"தம்பி, வீட்டுக்குத் தலைவர்னு எழுதலயே. குடும்பத்துக்குத்தான்."

"ரெண்டும் ஒண்ணுதான சார்!"

"இல்லைங்க. யாரோட வீடுன்னு இதுல கேள்வியே வேற. அதுல உங்கம்மா சொந்த வீடுன்னுதான் இருக்கு. இது யாரு இருக்காங்கங்கிற கணக்கு. இதுல எழுதினத கோர்ட்டுல கூடக் காட்ட முடியாது. வெளியாளுக்கு நான் வாய் திறக்கவும் கூடாது." அவர் மருந்துக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அது எப்படியோ வெளிய போயிருச்சு."

"அதெல்லாம் சரி. அவங்களுக்குன்னு வீடு இருக்குல்ல? அண்ணன் வீடு. இங்க அடிச்சிட்டு அங்க எழுதுங்க. முடிஞ்சது."

"அங்க அவங்க தங்கலையே, தம்பி."

"நான் கேக்கிறேன் இருங்க." மகன் பூனையிடம் நம்பர் வாங்கி அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டான். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான். எடுத்தது அண்ணி.

"அவளா? இங்க கணக்கெடுக்க வந்தாங்க தம்பி, எல்லாம் எழுதிட்டுப் போயிட்டாங்க. நாங்க ஆறு பேரு. வேற யாரும் இருக்காங்களான்னு கேட்டாங்க, இல்லன்னுட்டேன். இல்லாதவள இருக்கான்னு சொன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? அவ அங்கதான இத்தன வருஷம் கெடக்கா." கொஞ்சம் நிறுத்தி, "ஏன் தம்பி, அவளுக்கு ஏதும் உடம்புக்கு முடியலயா?" என்றாள்.

"இல்ல, நல்லாத்தான் இருக்காங்க" என்று மகன் வைத்துவிட்டான்.

பூனை சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசிக்கொள்வது போல இருந்தது. அண்ணி பொய் சொல்லவில்லை. மகன் பயப்படுவதிலும் தப்பில்லை. மாஸ்டர் சொல்வதும் சரிதான். எல்லாரும் சரியாக இருக்கும்போது தான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மகன் அவள் எதிரே வந்து நின்றான். "நீங்களே சொல்லுங்கக்கா. இது உங்க வீடா?"

"இல்ல தம்பி."

"கேட்டீங்களா சார்?"

"நானும் ஒண்ணு கேட்டுக்கிறேன்" என்றார் மாஸ்டர். "அம்மா, குறிச்ச அன்னிக்கு எங்க தூங்கி எந்திரிச்சீங்க?"

"இங்க."

"எங்க சாப்பிட்டீங்க?"

"இங்க."

"எனக்கு இதுக்கு மேல கேள்வி கெடையாதுங்க." மாஸ்டர் பையைத் தோளில் மாட்டினார். "அந்த நாள் போயிருச்சு, தம்பி. இனிமே அவங்க எங்க போனாலும், அன்னிக்கு இங்க இருந்தது இருந்ததுதான். மேல புகார் பண்றதுன்னா பண்ணுங்க. அவங்க வந்து கேட்டாலும் இதே ரெண்டு கேள்வியத்தான் கேப்பாங்க."

அவர் போன பிறகு மகன் முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். முடிவுக்கு வந்தவனாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினான். எழுதி முடித்து, சாட்சிக்கு மருந்துக்கடைக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தான்.

"அக்கா, சந்தேகப்படுறேன்னு நெனைக்காதீங்க. நாளைக்கு வாங்குறவன் கேப்பான். இதுல ஒரு கையெழுத்து."

பூனைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். தாளை ஜன்னலருகே கொண்டுபோனாள். இந்த வீட்டின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று முதல் வரி. பிற்காலத்தில் எதையும் கோரமாட்டேன் என்று இரண்டாவது. மூன்றாவது வரியில் அவள் விரல் நின்றது. நான் இந்த வீட்டில் ஒருபோதும் வசித்ததில்லை. பகலில் வந்து வேலை பார்த்துவிட்டுப் போவது மட்டுமே வழக்கம்.

இன்னொரு தடவை படித்தாள். தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"போட மாட்டேன் தம்பி."

மகன் நிமிர்ந்தான். அவள் மாட்டேன் என்று சொல்லி அவன் கேட்டதே கிடையாது. மருந்துக்கடைக்காரரும் கேட்டது கிடையாது.

"ஏன்க்கா? வேற எதாவது எதிர்பாக்குறீங்களா?"

"மேல ரெண்டு வரி இருக்கட்டும். இது பொய்."

"ஒரு பேச்சுக்குத்தான் எழுதியிருக்கு. வக்கீல் சொல்லித்தான்..."

"உங்கம்மாவ ராத்திரியில புரட்டிப் படுக்க வச்சது யாரு?"

குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. கேட்க வேண்டியது என்று தோன்றியது, கேட்டாள். மகன் நாற்காலியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். மருந்துக்கடைக்காரர், "தம்பி, அந்த ஒரு வரிய எடுத்துருங்க. அந்த அம்மா பேச்சுக்குள்ள வேற எந்தச் சூதும் இல்ல" என்றார்.

மகன் வேறு தாள் எடுத்தான். இந்த முறை நிதானமாக எழுதினான். நான் இந்த வீட்டில் வசித்தேன். டாக்டரம்மாவை இறுதிவரை கவனித்துக்கொண்டேன். வீட்டின் மீது எனக்கு உரிமை ஏதும் இல்லை. பூனை படித்தாள், கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி அவன் சட்டைப் பை பக்கமாக நீட்டினாள்.

"எங்கக்கா போவீங்க?" என்றான் மகன். குரல் இறங்கியிருந்தது.

"தெரியல தம்பி."

"உடனே போகணும்னு இல்ல..."

"இல்ல. போயிடுறேன்."

அண்ணன் வீட்டில் அவளை யாரும் விரட்டவில்லை. அண்ணி கூடத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள், அண்ணன் ஒரு போர்வை வாங்கி வந்தார். ஆனால் காலையில் எல்லாரும் குளியலறைக்கு வரிசையில் நிற்கும்போது பூனையும் நின்றால் வரிசை நீண்டது. அவள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து குளித்துவிட்டு, எல்லாரும் கிளம்பும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நாட்கள் வந்தன, போயின. அண்ணன் பேரன், "நீங்க விருந்தாளியா?" என்று கேட்டான். "ஆமா" என்றாள். அதிலும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மருந்துக்கடைக்காரர்தான் தகவல் அனுப்பினார். தன் ஓட்டை வாயால் வந்த வினை என்று அவருக்குள் ஓர் உறுத்தல். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்சுகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள், சமைக்க ஆள் தேடுகிறார்கள், தங்கவும் இடம் தருவார்கள். பூனை தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. ஒரு ஆள் கால் நீட்டலாம், கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. அந்த வீட்டில் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்கள், யாராவது டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் நடக்கும் ஆள் அவர்களுக்குத் தேவையாகவே இருந்தது. அவர்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள்.

அவள் வழக்கம்போல் பேசாமல் இருந்தாள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு காய் நறுக்குவாள். யார் எதற்கு அழுதாலும் பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாள்.

ஒரு சாயங்காலம் அடுப்பில் பால் இருந்தது. டியூட்டி முடிந்து வந்த ஒருத்தி கையில் கட்டோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஊசி போடப் போன இடத்தில் ஒரு கிழவர் அவள் கையைக் கடித்துவிட்டாராம். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எங்க டாக்டரம்மாவையும் ஒருத்தன் கடிச்சான்" என்றாள் பூனை.

எல்லாரும் திரும்பினார்கள். அக்கா வாயிலிருந்து தானாக ஒரு பேச்சு வந்து அவர்கள் கேட்டதில்லை.

"போலீஸ்காரன். இம்மாம் பெரிய மீச. பல்லு புடுங்க வந்தவன், ஊசியப் பாத்ததும் டாக்டரம்மா வெரலக் கவ்விட்டான். விடவே மாட்டேங்கிறான். நான் ஓடிவந்து பாத்தா, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மொறச்சுக்கிட்டு நிக்குறாங்க. டாக்டரம்மா அசையல. 'சரி, நீயா விடுற வரைக்கும் நான் நிக்கிறேன், ஆனா வெளிய காத்திருக்கிறவங்கள ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டு வேடிக்க காட்டுவேன்'ன்னாங்க. 'பூனை, கதவத் தொற'ன்னாங்க..."

நர்சுகள் சிரித்தார்கள். கட்டுப் போட்டவள் வலியில் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூனையும் சிரித்தாள். டாக்டரம்மாவின் குரலிலேயே அடுத்த வரியைச் சொல்லப் போனாள். குரல் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. கன்னம் நனைந்து, நனைந்தது கழுத்தில் இறங்கிய பிறகுதான் அது கண்ணிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

பால் பொங்கி வழிந்தது. ஒருத்தி எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, பழையபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்றாள். "விட்டானா?"